பேண்டேஜ் போடாத எலும்பு

வலி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வேலைக்கு வர மனமில்லாத சிலர் கண்டுபிடித்து, டாக்டர்கள் பால் ஊற்றி வளர்த்துவிட்ட வதந்தி அது. இராஜபாளையத்தில் சர்ஜிக்கல் பேண்டேஜ் தயாரிக்கும் சேக் முகைதீன் இந்த உண்மையை முப்பது வருடமாக ஊருக்கு எடுத்துச் சொல்லி வருகிறார். கடைசியாகச் சொன்னபோது ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார்.

விழுந்த கதை சுருக்கமானது. குடோனில் பேண்டேஜ் துணிப் பொதிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். உச்சியில் இருந்த பொதியை எடுக்க வேலையாட்கள் ஏணி தேடினார்கள். "ஏணிங்கது உயரத்துக்குப் பயந்தவன் கண்டுபிடிச்சதுலே" என்று சொல்லி, முதலாளியே பொதி மேல் பொதியாக ஏறிக் காட்டினார். ஏறியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கியதில்தான் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. சுற்றிலும் ஒரு லாரிக்குக் காணும் அளவுக்கு மெத்துமெத்தென்று துணி கிடக்க, அத்தனையையும் கவனமாகத் தவிர்த்துவிட்டு, எடை மேடையின் இரும்பு விளிம்பில் போய் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்தவள் அனுசியா. சேக் முகைதீனின் மகள் ஆலியாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் மூணு விலா எலும்பு விரிசல் மாமா" என்றாள்.

"ஆறு இஞ்ச் பேண்டேஜா, எட்டு இஞ்சாம்மா? நம்ம குடோன்ல இருந்தே அனுப்பச் சொல்லுதேன்."

"விலாவுக்குப் பேண்டேஜ் போடுறதில்ல."

சேக் முகைதீன் அவளை உற்றுப் பார்த்தார்.

"இறுக்கிக் கட்டினா நெஞ்சு விரியாது மாமா. மூச்சு மேலோட்டமாப் போகும், உள்ள சளி கட்டும், நிமோனியா ஆயிரும். சும்மா விட்டா அதுவே கூடிரும். வலி தெரியாம இருக்க மாத்திரை தாரேன். நீங்க நல்லா இழுத்து மூச்சு விடணும், அம்புட்டுதான்."

மனித உடம்பில் கட்டுப் போட முடியாத எலும்பு இருக்கிறது. அதுவும் ஒன்று இரண்டல்ல, இருபத்துநாலு. முப்பது வருட வியாபாரத்தில் அவருக்கு நேர்ந்த மிகப் பெரிய அவமானம் இதுதான். மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். மாத்திரையை மனைவி அப்ரோஸ் பேகம் வாங்கினாள். முழுங்க யாரும் இல்லை.

விழுந்தது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலியாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை முஹம்மது அனஸ், அந்த ஊர்க்காரர்.

சேக் முகைதீன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற வீடுகளில் பெண்ணின் தகப்பன் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் பொறுப்பு கொடுத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹஜ்ரத் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். இவர்கள் வீட்டில் தகப்பனே சொல்ல வேண்டும்: "என் மகள் ஆலியாவை, அல்லாஹ்வின் பெயரால், இந்தச் சபை சாட்சியாக, பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் மனசில்லாமல் கொடுக்கிறான் என்று அர்த்தம். அவருடைய அத்தா ஒரே மூச்சில் சொன்னார். அவர் மாமனார் சொன்னதை இவரே மாப்பிள்ளையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மூன்று விலா விரிசல் விட்டவன் ஒரே மூச்சில் எத்தனை சொல் சொல்ல முடியும் என்று அந்தப் பெரியவர்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை.

இவரால் மூன்று சொல் முடிந்தது. "என் மகள் ஆலியாவை" என்றதும் யாரோ விலாவில் கொக்கி மாட்டி இழுத்த மாதிரி மூச்சு நின்றுவிடும்.

"வலிக்கா?" என்று அப்ரோஸ் பேகம் கேட்பாள்.

"வலியா? வாயு."

நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மற்ற ஊர்களில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். இந்தத் தெருவிலும் ஆரஞ்சு வரும்; கூடவே வீட்டில் மீந்த மாத்திரையும் வரும். பாதி தின்ற அட்டையைக் குப்பையில் போட இவர்களுக்கு மனசு வராது. குழம்பு மீந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதில்லையா, அதைப் போல. கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க எடுத்து வைத்திருந்த தாம்பாளத்தில் மாத்திரை நிரம்பியது.

எதிர்வீட்டு ராஜு அம்மா, கோடீன் கலந்த இருமல் டானிக் பாதிப் பாட்டில் கொண்டுவந்தார். "குடிச்சா மேகத்துல நடக்கிற மாதிரியே இருக்கும் பாய். இருமல் மட்டும் அப்படியேதான் இருக்கும்."

மூட்டு ஆபரேஷன் செய்துகொண்ட மில் சூப்பர்வைசர் டபென்டடால் கொண்டுவந்தார். "இதைப் போட்டுட்டு மூணு நாள் தூங்குனேன். எந்திரிச்சா வலி இல்ல. ஆனா எந்திரிக்கணும்ல."

பல் பிடுங்கிய ஒருவர் டிரமடாலைச் சிபாரிசு செய்தார். "வலியும் போச்சு, தின்ன சோறும் போச்சு. எல்லாம் வெளிய வந்துட்டு."

சப்பட்டை மாம்பழம் ஒசத்தியா, பஞ்சவர்ணம் ஒசத்தியா என்று பேசுகிற ஊர். அதே சுவாரசியத்தோடு, தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, எது சுருக்காக வேலை செய்யும், எது தலை சுற்றும் என்று விவாதித்தார்கள். சேக் முகைதீன் அனைவருக்கும் டீ கொடுத்து, அத்தனை மாத்திரையையும் கேலி செய்து அனுப்பினார்.

கேலிக்கு அவர் கையில் ஒரு நிரந்தர உதாரணம் உண்டு. சோழபுரத்தில் விவசாயம் பார்க்கும் பால்சாமி. இருவரும் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். போன வருடம் பால்சாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. போனில் அலாரம் வைத்து மாத்திரை போட்டான்; மாத்திரை குடலைக் கட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதால் வெந்நீரில் இசப்கோல் கலந்து குடித்தான். அந்த அலாரத்தையும், அவன் இசப்கோலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததையும் சேக் முகைதீன் நடித்துக் காட்டாத டீக்கடை இராஜபாளையத்தில் இல்லை. "மணி அடிச்சா மாத்திரை. அவன் மனுசனா, பள்ளிக்கூடமா?"

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த மத்தியானம், கேலிக்கு ஆளான அந்தப் பால்சாமியே வந்தான். உள்ளே ஆலியா, அனுசியா என்று பெண்களுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தார்கள். பால்சாமி முன்னறையில் உட்கார்ந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தான்.

"ஏலே சேக்கு, நீ மாத்திரை முழுங்க மாட்டேன்னு தெரியும். இது மாத்திரை இல்ல. ஒட்டு."

"ஒட்டா?"

"எங்க அண்ணனுக்குப் புத்துநோய் முத்தினப்ப மதுரையில கொடுத்தாங்கல்ல. நெஞ்சுல ஒட்டிவிட்டா மூணு நாளைக்குக் கெடக்கும். கடைசி மாசம் அவரு மனுசனாப் பேசினது இதாலதான். ரெண்டு மிச்சம் கெடந்துச்சு. உன் மவ கல்யாணத்துல நீ பேசணும்ல."

சேக் முகைதீன் உறையைக் கிழித்து அதை வெளியே எடுத்தார். பென்டனில் என்று எழுதியிருந்தது. எழுத்து அவருக்கு முக்கியமில்லை, சரக்கு முக்கியம். மேல்தாளைத் தடவினார். ஓரத்தில் பசை எவ்வளவு சீராகத் தடவியிருக்கிறது என்று பார்த்தார். அவர் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. வலி மாத்திரையைத் தின்கிறவன் வேறு. பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறவன் வேறு. பின்னவன் அவருடைய வாடிக்கையாளர்.

"இது நம்ம லைன்லே பால்சாமி. இதை ஏன் முதல்லயே கொண்டாரல?"

"பவரு அதிகமா இருக்குமோன்னு ஒரு பயம்."

"எம்புட்டு போட்டிருக்கு பாரு. இருபத்தஞ்சு. அந்தப் புள்ள எழுதின டிரமடால் அம்பது. இது அதுல பாதிதான்."

கணக்கு சரியாக இருந்தது. அடுத்தது அளவு. ஒடிந்த விலா மூன்று, ஒட்டு ஒன்று. முப்பது வருடமாகத் துணியை அளவுக்கு வெட்டி விற்கிற மனிதருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. குடோன் கத்திரிக்கோலை எடுத்தார். விலாவுக்கு ஒரு துண்டு. அது சுருக்காக உள்ளே இறங்க மேலே வெந்நீர்ப் பை ஒத்தடம். அந்த யோசனை பால்சாமியுடையது. பையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அவனும் தயாராக நின்றான்.

கத்திரிக்கோல் வாயைத் திறந்த நேரத்தில், தண்ணீர் குடிக்க வந்த ஆலியா அதைப் பார்த்தாள். அவளுக்கு மருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் அத்தாவைத் தெரியும்.

"அனு! இங்க ஓடி வாட்டி! அத்தா எதையோ வெட்டுதாரு!"

அனுசியா ஓடி வந்தாள். இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் ஈர மருதாணி. கொள்ளைக்காரனைப் பார்த்த பேங்க் ஊழியர்கள் மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒரு நொடி பார்த்தாள் அனுசியா. பிறகு போட்ட சத்தத்தில் மருதாணி போட வந்த பெண் உள்ளே கூம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"மாமா, வெட்டாதீங்க! கையை எடுங்க! அத்தை, அந்தக் கத்திரிக்கோலைப் பிடுங்குங்க!"

அந்த வீட்டில் அப்போது சும்மா இருந்த பெண் கை அப்ரோஸ் பேகத்தின் கை மட்டும்தான். முப்பது வருடமாக இப்படி ஒரு உத்தரவுக்குக் காத்திருந்தவள் போல ஒரே பிடுங்கில் பிடுங்கினாள்.

"ஒட்டை அந்தத் தாளைப் பிரிக்காமலே மேசையில வைங்க. ரெண்டு பேரும் போய்த் தண்ணியில கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் அனுசியா.

கழுவிவிட்டு வந்தார்கள். சேக் முகைதீன் தோற்றவர் போல வரவில்லை. "இருபத்தஞ்சுதானம்மா? நீ எழுதினதுல பாதி."

"நீங்க நாப்பதாம் நம்பர் நூல் கேட்டு, நான் நாப்பது கிலோ நூல் அனுப்பினா வாங்குவீங்களா மாமா?"

சேக் முகைதீன் மேசை மேல் கிடந்த ஒட்டை எட்டிப் பார்த்தார்.

"டிரமடால் அம்பது மில்லிகிராம். இது மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமை ஆயிரமா உடைச்சா ஒரு துணுக்கு. அதுல இருபத்தஞ்சு, ஒவ்வொரு மணி நேரமும், மூணு நாளைக்குத் தோல் வழியா இறங்கும். அந்தத் துணுக்கே போதுங்கற அளவுக்குப் பலம்; இந்தத் தாம்பாளத்துல இருக்கறதுலயே பெரிய பயில்வான் இதுதான். வெட்டினா மூணு நாள் சரக்கும் ஒரே நேரத்துல கணக்கில்லாமக் கொட்டும். மேல சூடு வச்சா இன்னும் வேகமா இறங்கும்."

பால்சாமி வெந்நீர்ப் பையை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எங்க அண்ணனுக்கு நல்லாத்தானம்மா இருந்துச்சு?"

"அவருக்கு அதுக்கு முன்னாடி மார்பின் கொடுத்திருப்பாங்களே?"

"ரெண்டு மாசம் கொடுத்தாங்க."

"அதான். உடம்பு பழகின பொறவு ஒட்டினாங்க. அவருக்கு அது மருந்து. மாமா உடம்பு புதுசு. அரை நாள் கழிச்சு, எல்லாரும் அசந்து தூங்கும்போது, மூச்சு மெதுவாகி மெதுவாகி..." அவள் ஆலியாவைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை அங்கேயே விட்டாள். "அதை முறிக்க ஊசி இருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில இருக்கு. கல்யாண வீட்டுல இல்ல."

பால்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுல்லம்மா கொண்டாந்தேன்."

"உங்க அண்ணனுக்கு நல்லதுதான் மாமா செஞ்சுது. மிச்சத்தை வீட்டுல வைக்கக் கூடாது. ரெண்டையும் என்கிட்ட கொடுங்க, ஆஸ்பத்திரியில சேத்துருதேன்."

பிறகு அவள் தாம்பாளத்துக்கு வந்தாள். கையால் தொட முடியாததால் மூக்கால் சுட்டிக் காட்டினாள். கோடீன் டானிக்கைக் காட்டி, "இது உள்ள போய் மார்பினா மாறினாத்தான் வேலை செய்யும். சிலர் உடம்புல மாறவே மாறாது, குடிச்சது தெண்டம். சிலர் உடம்புல மடமடன்னு மாறும், அது ஆபத்து. நீங்க எந்த ரகம்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது" என்றாள். டபென்டடாலுக்குக் குனிந்தபோது ஜடை தாம்பாளத்தில் விழ, ஆலியா முழங்கையால் அதை எடுத்து விட்டாள். "டிரமடாலை விடக் கொஞ்சம் பலசாலி. வாந்தி அம்புட்டு வராது. ஆனா தூக்கம் வரும். சூப்பர்வைசர் சொன்னது பொய்யில்ல."

"அப்ப நீ ஏன் டிரமடால் எழுதுன? அதுல தின்ன சோறு வெளிய வருமாமே?"

"வரலாம். அதுக்குத்தான் வாந்தி மாத்திரையும் எழுதினேன். டிரமடால் இருக்கறதுலயே சாது. ஆனா சாதுவும் மிரளும். வலிப்பு இருக்கறவங்களுக்கு ஆகாது, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஆகாது. எல்லாத்துக்கும் பொதுவா ரெண்டு குணம் உண்டு. மூச்சை மெதுவாக்கும், குடலைக் கட்டும். தூக்க மாத்திரையோடயும் சாராயத்தோடயும் சேந்தா எதுவுமே சாது கிடையாது. குறட்டை உண்டா மாமா?"

"எனக்கா? கெடையாது."

"தெரு நாய் பதில் சொல்லும்" என்றாள் அப்ரோஸ் பேகம்.

"அப்ப ராத்திரி மாத்திரை பாதிதான். அத்தை, முதல் ரெண்டு நாள் பக்கத்துல இருந்து கவனிங்க. குறட்டை நின்னு நின்னு வந்தா, எழுப்பி எழும்பலன்னா, எனக்குப் போன் போடுங்க. மாமா வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வாரம், பொறவு நிறுத்திரணும்."

"எதுக்கு இம்புட்டுப் பேச்சு? நான்தான் தின்னப் போறதில்லையே." சேக் முகைதீன் எழுந்து நின்றார். "மாத்திரையத் தின்னுட்டு, அலாரம் வச்சுக்கிட்டு, இவன மாதிரி இசப்கோலை மூக்கைப் பிடிச்சுக் குடிச்சுக்கிட்டு அலையவா?" மூக்கைப் பிடித்து நடித்தும் காட்டினார்.

பால்சாமிதான் முதலில் சிரித்தான். அடுத்து ஆலியா. சேக் முகைதீனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு விலாவில் முட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வாயு" என்றார், செத்த நேரம் கழித்து.

யாரும் சிரிக்கவில்லை. "அத்தா," என்றாள் ஆலியா, கைகளை இன்னும் தூக்கிப் பிடித்தபடி, "ஹஜ்ரத்தே சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அதைச் சொன்ன விதத்தில், வருத்தம் இருக்கிறது என்பது தாம்பாளத்துக்குக் கூடத் தெரிந்தது.

சனிக்கிழமை அதிகாலை ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. குடோனைத் திறந்தார். பொதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பெரிய சபை மாதிரி. அவற்றுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மகள் ஆலியாவை" என்றார். நின்றது. மறுபடி. நின்றது. வேகமாகச் சொன்னால் தாண்டிவிடலாம் என்று வேகமாகச் சொன்னார்; அதே இடம். எதிரே ஒரு லாரிச் சரக்கு இருந்தது; ஊரில் உள்ள அத்தனை எலும்பையும் கட்டலாம். இந்த ஒரு பேருக்குப் பின்னால் இருக்கிற மூச்சைக் கட்டி நிறுத்த ஒரு முழம் உதவாது. ஆலியா பிறந்தபோது காதில் பாங்கு சொன்னது அவர்தான். அன்றைக்கு மூச்சு எங்கும் நிற்கவில்லை.

பொதிகள் வலிக்கா என்று கேட்கவில்லை. அவரும் வாயு என்று சொல்லவில்லை. பிறகு குடோனைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அப்ரோஸ் பேகம் அடுக்களையில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதும், வெறும் வயிற்றில் வேண்டாம் என்று முதலில் தட்டில் மூன்று இட்லி வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கார் புறப்பட்டது. தன் காரை இன்னொருவன் தொட்டால் கியர் தேய்ந்துவிடும் என்று நம்புகிறவர், சாவியைப் பால்சாமியிடம் கொடுத்தார். "எனக்கு இன்னைக்கு வேடிக்கை பாக்கணும் போல இருக்கு" என்றார். வழி முழுக்க வாய் திறந்து கொட்டாவி விட்டபடி வேடிக்கை பார்த்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்து, "நான் சொல்லிரட்டுமா பாய்?" என்று மெதுவாகக் கேட்டார். விலா விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்திருந்தது. சேக் முகைதீன் தலையை அசைத்து மறுத்துவிட்டு, மாப்பிள்ளை அனஸின் கையைப் பிடித்தார். நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தார். பெண்கள் பக்கம், சிவந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆலியா குனிந்திருந்தாள். பக்கத்தில் அனுசியா அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகள் ஆலியாவை, அல்லாஹ்வின் பெயரால், இந்தச் சபை சாட்சியாக, பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கடைசிச் சொல் கொஞ்சம் நனைந்து வந்தது. அதற்கும் விலாவுக்கும் சம்பந்தமில்லை. அனஸ் "ஒப்புக்கொண்டேன்" என்றார். பெண்கள் பக்கம் ஆலியா அழுதுகொண்டே சிரித்தாள். மண்டபம் முழுக்க "பாரக்கல்லாஹ்" என்று சத்தம் எழுந்தது. பால்சாமி சேக் முகைதீனைக் கட்டிப்பிடிக்கப் போய், விலா ஞாபகம் வந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்தான்.

பந்தியில் சம்பந்தி வீட்டார் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "மூணு எலும்பு ஒடிஞ்சும் எப்படி மச்சான்?"

"எலும்பு ஒடியும். அது எலும்போட வேலை" என்றார் சேக் முகைதீன், பிரியாணியைப் பிசைந்தபடி. "வலிங்கது நாம அனுமதி கொடுத்தாத்தான் வரும். இந்தா, இந்தப் பால்சாமிய எடுத்துக்கோங்க. போன வருசம் ஒரு சின்ன ஆபரேசன்..." அலாரம் வரைக்கும் நடித்துக் காட்டினார். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பால்சாமியும் சிரித்தான், இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிக்கொண்டு.

அப்போது சேக் முகைதீனின் சட்டைப் பை லேசாக அதிர்ந்தது. சத்தமில்லை, அதிர்வு மட்டும். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்தார்.

கை கழுவும் இடத்தைத் தாண்டி, பாத்திரம் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், இரண்டு பக்கமும் பார்த்தார். அனுசியா எழுதிக் கொடுத்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு சமையல்காரரிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, தொப்பிக்கு அடியில் மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளையாக உமி மாதிரி இருந்ததை அதில் கொட்டினார். கலக்கிவிட்டு நின்றால் கெட்டியாகிவிடும். சேக் முகைதீன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.